சொட்டுகிறதே என்று அடைத்த வால்வும் 20,000 ரூபாயும்

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு மரைன் இன்ஷூரன்ஸ் பேப்பர் தயார் செய்வது, நனைந்து வந்த மூட்டைக்குக் கிளெய்ம் எழுதுவது எல்லாம் என் மேஜைதான். ‘எக்ஸஸ் எவ்வளவு?’ என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது யாரையாவது கேட்பேன். அப்படிப்பட்ட நான் என் சொந்த வீட்டுப் பாலிசியின் ஏழாம் பக்கத்தைப் பத்து மாதமாகப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எக்ஸஸ் என்றால், இழப்பில் நம் கையிலிருந்து போகும் முதல் பங்கு. மிச்சத்தைத்தான் கம்பெனி தரும். மரைனில் நான் பார்ப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சதவீதக் கணக்கு, அதோடு முடிந்தது. வீட்டுப் பாலிசியில் அது ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தீக்கு ஒன்று, திருட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று இருக்கலாம். தண்ணீரிலேயே, அது எங்கிருந்து வந்த தண்ணீர் என்பதைப் பொறுத்தும் மாறலாம். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது.

பாலிசி எடுத்தது 2024 ஜனவரியில். அதற்கு முந்தைய மாதம்தான் மிக்ஜாம் புயல். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். எண்ணூர் பக்கத்து ஜனங்களுக்கு வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. நாங்கள் இரண்டாவது மாடி, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே நின்ற ஸ்கூட்டர்தான் போயிற்று. ஆனாலும் அந்த மூன்று நாள் பயம் போகவில்லை. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வந்தார், ‘வெள்ளம், புயல் எல்லாம் கவர் ஆகும்க்கா’ என்றார். வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். கையெழுத்துப் போட்டேன். வெள்ளத்துக்கு எடுத்த பாலிசி அது. தண்ணீர் வந்ததோ பரணிலிருந்து.

அந்தக் கார்த்திகையில் வேலூரில் ஒரு கல்யாணம். சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, திங்கள் காலை பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தோம். மாடிப்படி ஏறும்போதே கீழ் வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ‘எங்கம்மா போயிட்டீங்க, ரெண்டு பேருக்கும் எத்தனை போன் போட்டேன்’ என்றார். கல்யாண மண்டபத்துச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அப்புறம் இரண்டு போனிலும் சார்ஜ் இல்லை. கதவைத் திறந்தால் படுக்கையறையில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். பாத்ரூமுக்குள் இடம் அடைக்கிறது என்று 2015-ல் குடிவந்தபோதே ஹீட்டரைப் பாத்ரூமுக்கு மேலே இருக்கும் பரணில் வைத்துவிட்டோம். 25 லிட்டர் ஹீட்டர். பரணின் வாய் படுக்கையறைப் பக்கம். பாத்ரூம் சுவரில் மாட்டியிருந்தால் தண்ணீர் தரைக்குழி வழியாகப் போயிருக்கும். பரணிலிருந்து அது நேராக அலமாரி மேல் கொட்டி, அலமாரிப் பின்பலகை வழியாக இறங்கி, தரை நிறைந்து, தளத்தில் ஊறி, அக்கா வீட்டு ஃபால்ஸ் சீலிங்கை உப்ப வைத்துவிட்டது.

பலரும் நினைப்பது போல ஹீட்டரில் இருக்கும் 25 லிட்டர்தான் கொட்டும் என்பதில்லை. டேங்க்கில் ஓட்டை விழுந்தால் மொட்டை மாடித் தொட்டி அதன் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் குழாயில் இருக்கும் திருகை, அதாவது ஆங்கிள் காக்கை, யாராவது மூடும்வரை நிற்காது. நாங்கள் இல்லாத ஒன்றரை நாளில் வாட்ச்மேன் இரண்டு தடவை மோட்டார் போட்டிருக்கிறார், ‘தொட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாவுது’ என்று முனகிக்கொண்டே.

மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. ஸ்விட்ச் கீழே விழுந்திருந்தது. நல்லவேளை. அதனால் ஃபிரிட்ஜும் நின்றுபோய், பையன் வருவானென்று காசிமேட்டில் வாங்கி ஃப்ரீசரில் வைத்திருந்த இரண்டு கிலோ வஞ்சிரம் நாறிக்கொண்டிருந்தது. (அது கிளெய்மில் வராது. கேட்டுப் பார்த்தேன்.) என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் ஸ்விட்சை மேலே தூக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஈரம் காயாமல், எலக்ட்ரீஷியன் பார்க்காமல் அதைத் தொடக்கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆபீஸ் புத்தி வேலை செய்தது. துடைப்பத்தை எடுக்கும் முன்னால் போனைச் சார்ஜில் போட்டேன், பக்கத்து வீட்டில். பிறகு ஒவ்வொரு பொருளையும் கிடந்த நிலையிலேயே படம் எடுத்தேன். தண்ணீர் மட்டம் தெரிய ஒரு ஸ்கேலை நிற்க வைத்தும் எடுத்தேன். அன்று பதினோரு மணிக்குள் கம்பெனிக்கு மெயில் போய்விட்டது. அதே நாள் மத்தியானம், காயலான் கடைக்காரர் குரல் தெருவில் கேட்டதும் வீட்டுக்காரர் ஹீட்டரை இறக்கி 300 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தார். ஓடிப்போய்த் திரும்ப வாங்கினேன். அந்தத் துருப்பிடித்த டேங்க் போயிருந்தால், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கே என்னிடம் சாட்சி இருந்திருக்காது.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் புதன்கிழமை வந்தார். அதிகம் பேசாதவர். டார்ச் அடித்துப் பரணைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், ஹீட்டரின் மாடல் நம்பரைப் படம் எடுத்தார். குளிர்ந்த தண்ணீர் ஏறும் குழாயில் ஒரு பித்தளை வால்வு. அதன் பக்கவாட்டு மூக்கில் ஒரு பிளாஸ்டிக் மூடி, மேலே டெஃப்லான் டேப் சுற்றியிருந்தது. அவர் விரல் அங்கே நின்றது.

‘இது யார் போட்டது மேடம்?’

‘நாங்கதான் சார் போடச் சொன்னோம். சொட்டிக்கிட்டே இருந்துச்சு.’

‘சொட்டணும் மேடம். அதுக்குத்தான் அதை வெச்சிருக்காங்க.’

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தப்பை நாங்கள் மட்டும் செய்யவில்லை. தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏறும்போது கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடுகிறது. அந்தப் பித்தளை வால்வு, சூடான தண்ணீர் குளிர்ந்த குழாய்க்குத் திரும்பிப் போகாமல் தடுக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் அந்த மூக்கு வழியாகக் கொஞ்சம் வெளியே விடும். சொட்டு அதனால்தான். நாங்கள் மூக்கை அடைத்துவிட்டோம். அப்புறம் ஒவ்வொரு தடவை சூடேறும்போதும் அந்த அழுத்தம் முழுவதையும் டேங்க்கின் வெல்டிங்தான் தாங்கியாக வேண்டும். யாராவது குழாயைத் திறந்தால்தான் அதற்கு மூச்சு. வால்வு கெட்டுப்போய் ஓயாமல் ஒழுகுவதும் உண்டு. அதற்கும் வழி வால்வை மாற்றுவதுதான், அடைப்பதல்ல. நாங்கள் 2019 வாக்கில் அடைத்தோம் என்று நினைக்கிறேன். பிளம்பருக்கு 100 ரூபாய் கொடுத்த ஞாபகம்.

டேங்க்கைத் தன் முன்னால் திறந்து காட்டச் சொன்னார் சர்வேயர். எங்கள் இப்போதைய பிளம்பர் அண்ணன் மொட்டை மாடியில் வைத்து அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றினார். முதலில் பழுப்புத் தண்ணீர், பிறகு முட்டை ஓடு நொறுங்கியது போல வெள்ளைச் செதில்கள், ஒரு முறம் நிறைய. ஹீட்டிங் காயிலில் உப்பு விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சி மாதிரி. அதுதான் ஆனோட் ராடாம். மெக்னீசியத் தண்டு. டேங்க் துருப்பிடிக்க வேண்டியதை இது தன்மேல் வாங்கிக்கொண்டு கரையும். கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்து டேங்க்தான். புதிதில் அது நம் கட்டைவிரல் பருமன் இருக்குமாம். எங்களுடையதில் நடுக்கம்பி மட்டும் மிச்சம்.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. எங்கள் கட்டடத்தில் சமையலறைக் குழாயில் மெட்ரோ தண்ணீர், பாத்ரூமில் போர்வெல் தண்ணீர். காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அது குடிக்கிற தண்ணீருக்கு, ஆனால் ஹீட்டருக்குள் போவது நம் காலடியில் இருக்கும் தண்ணீர்தானே. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. எங்கள் போரும் வருடத்துக்கு வருடம் கரிக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பார்த்தேன். சமையலறையில் லிட்டருக்கு 310 மில்லிகிராம், பாத்ரூமில் 1,900. குடிநீருக்கு இந்தியத் தரம் 500, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. ஹீட்டரோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். உப்புத் தண்ணீர் ஊர்களில் ஆனோடை வருடத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லியிருந்தது. ஒன்பது வருடத்தில் நாங்கள் பார்த்தது பூஜ்ஜியம் தடவை.

சரி, பாலிசிக்கு வருகிறேன். ஏழாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததன் சாரம் இது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வாட்டர் ஹீட்டர் கசிந்தோ வெடித்தோ சேதம் வந்தால், அதற்கு முந்தைய 12 மாதத்துக்குள் தகுதியுள்ள ஆளை வைத்துச் சர்வீஸ் செய்ததற்குச் சான்று வேண்டும். இருந்தால் எக்ஸஸ் 5,000 ரூபாய். இல்லாவிட்டால், ஏற்கப்பட்ட இழப்பில் 25 சதவீதம்.

எல்லா வீட்டுப் பாலிசியிலும் இப்படி ஒரு வரி இருக்காது. 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரு வீட்டுப் பாலிசியை, காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, கருவி, குழாய் ஆகியவை வெடிப்பதும் நிரம்பி வழிவதும் அதன் கவரிலேயே வருகின்றன. என்னுடையது அது இல்லை. கம்பெனி தானே தயாரித்த பேக்கேஜ். ‘கூடுதல் வசதி’ என்று ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு எடுத்தது. கூடுதல் வசதியோடு கூடுதல் நிபந்தனையும் வரும் என்று ஆபீஸில் மற்றவர்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

சர்வீஸ் பில் இருக்கிறதா என்று சர்வேயர் கேட்டார். போன வருடம் பிளம்பர் ஒருவர் வந்து ஏதோ பார்த்த ஞாபகம். ஜிபேயில் தேடினேன். 400 ரூபாய், 2023 அக்டோபர். எதற்கென்று ஒரு வார்த்தை இல்லை. அது ஹீட்டருக்கா, சமையலறை சிங்க்குக்கா என்று எனக்கே தெரியவில்லை. ஹீட்டருக்கே என்றாலும் 12 மாதம் தாண்டியிருந்தது. பிளம்பர் அண்ணன் தனியாக அழைத்துப் போய், ‘அக்கா, தேதி போட்டு ஒரு பில் எழுதித் தரவா?’ என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். பொய்ப் பில் பிடிபட்டால் போவது 25 சதவீதம் இல்லை, மொத்தக் கிளெய்மும். அந்த மாதிரிக் கோப்புகளை ஆபீஸில் பார்த்திருக்கிறேன். அதோடு, செதில் நிறைந்த டேங்க்கைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போன மனிதரிடம் போய் எந்தச் சர்வீஸ் பில்லை நீட்டுவது?

கணக்கு இப்படிப் போயிற்று. நான் கேட்டது அலமாரி 68,000, மெத்தை 16,000, சுவர்ப் பூச்சும் பெயின்டும் 31,000, வயரிங் 8,500, நான்கு பட்டுப்புடவை 24,000, புது ஹீட்டர் 11,500. மொத்தம் 1,59,000. ஹீட்டருக்கு ஒரு பைசா கிடையாது என்றார்கள். தேய்ந்து, துருப்பிடித்துப் போவது விபத்து இல்லை. அதிலிருந்து திடீரென்று கொட்டிய தண்ணீர் செய்த சேதம்தான் விபத்து. நியாயம்தான். ஒன்பது வருட அலமாரிக்குத் தேய்மானம் கழித்து 45,000. மெத்தைக்கு 9,000. சுவருக்கு 28,000. வயரிங்குக்கு முழுதாக 8,500. புடவைகளில் ஒன்றுக்கு மட்டும்தான் எம்.சி. ரோட்டுக் கடை பில் இருந்தது, அதனால் 9,500. சேர்த்தால் சரியாக ஒரு லட்சம்.

ஆனால் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் 60,250 என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். 25 சதவீதத்தை ஏற்கப்பட்ட ஒரு லட்சத்தில் போடாமல், நான் கேட்ட 1,59,000-ல் போட்டு 39,750 கழித்திருந்தார்கள். அவர்களே எழுதிய நிபந்தனையில் ‘ஏற்கப்பட்ட இழப்பில்’ என்றுதானே இருக்கிறது? தேய்மானத்தை முதலில் கழித்து, தள்ள வேண்டியதைத் தள்ளி, வந்த தொகையில்தான் எக்ஸஸ் போட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் நம் காசு இரண்டு தடவை போகும். அந்த வரியை அப்படியே எடுத்தெழுதி, கணக்கைக் கீழே போட்டு, அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். கோபமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. மூன்று வாரத்தில் 75,000 வந்தது.

வராமல் போயிருந்தால் அடுத்த படி, கம்பெனி மேல் வரும் புகாரை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

அந்த 25,000-ஐ எதிர்த்து நான் சண்டை போடவில்லை. சர்வேயர் நினைத்திருந்தால், அடைத்த வால்வைக் காட்டி ‘நியாயமான கவனிப்பு இல்லை’ என்று கிளெய்மையே கேள்விக்குள்ளாக்கியிருக்கலாம். அவர் உள்ளதை எழுதிவிட்டு, இதற்கென்றே ஒரு எக்ஸஸ் நிபந்தனை இருக்கும்போது அதையே போட்டால் போதும் என்று முடித்தார். ஒரு சர்வீஸுக்கு எங்கள் பக்கம் 600, 700 ரூபாய். ஆனோடும் மாற்றினால் இன்னும் கொஞ்சம். அந்தத் துண்டுச்சீட்டு இருந்திருந்தால் எக்ஸஸ் 5,000-த்தோடு நின்றிருக்கும்.

இதெல்லாம்கூடப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது அக்கா வீட்டு சீலிங். 38,000 ரூபாய் எஸ்டிமேட். என் பாலிசி என் வீட்டுக்கு, என் சாமானுக்கு. பக்கத்து வீட்டுக்கோ கீழ் வீட்டுக்கோ நம்மால் வரும் சேதத்துக்குப் பொறுப்புக் காப்பீடு என்று தனியாக ஒரு பிரிவு உண்டு. நான் அதை எடுக்கவில்லை. அவர்களிடம் வீட்டுப் பாலிசியே இல்லை. அக்காவின் மகன் முதல் நாள் கொஞ்சம் சத்தமாகப் பேசினான். அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தவணையில் கொடுத்து முடித்தோம். ஃபிளாட்டில் இருப்பவர்கள் பாலிசி புதுப்பிக்கும்போது வேறு எதைக் கேட்காவிட்டாலும் இந்தப் பிரிவைக் கேளுங்கள். கூடுதல் பிரீமியம் எனக்குச் சொன்னது சில நூறுதான்.

புது ஹீட்டர் பாத்ரூம் சுவரிலேயே, தரைக்குழிக்கு நேர் மேலே. வால்வின் மூக்கிலிருந்து ஒரு மெல்லிய டியூப் குழிவரை இறங்குகிறது. சூட்டை 55 டிகிரியில் வைத்திருக்கிறோம். அதிகச் சூட்டில்தான் உப்பு வேகமாகப் படியும் என்றார் பிளம்பர் அண்ணன். நம் ஊர்க் குளிருக்கு அதற்கு மேல் எதற்கு? ஒரு இரவு வெளியூர் போனாலும் ஆங்கிள் காக்கை மூடிவிடுகிறோம், ஹீட்டருக்கான எம்.சி.பி. ஸ்விட்சையும் இறக்கிவிடுகிறோம். சர்வீஸ் ஐப்பசி மழை தொடங்கும் முன். பில்லில் தேதி, ஹீட்டரின் சீரியல் நம்பர், ஆனோட் மாற்றியதா, வால்வு சோதித்ததா, வந்தவர் பெயர், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். கழற்றிய பழைய ஆனோடைப் பில் மேலேயே வைத்து ஒரு படம் எடுத்து, எனக்கே மெயில் அனுப்பிக்கொள்கிறேன். பேப்பர் தொலையும், போன் உடையும். மெயிலில் தேதியோடு இருக்கும். கம்பெனி மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டுமா, நம் பிளம்பர் போதுமா என்று பாலிசிக்காரர்களிடம் எழுத்தில் கேட்டேன். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனோ, ஹீட்டர் கம்பெனியின் சர்வீஸ் ஆளோ வேண்டும் என்று பதில் வந்தது. ‘தகுதியுள்ள ஆள்’ என்று பொதுவாக எழுதியிருப்பதற்கு என்ன பொருள் என்பதை இழப்பு வருவதற்கு முன்னால் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பொங்கலுக்கு முன்னால் அக்கா வீட்டு சீலிங் வேலை முடிந்தது. பெயின்டர் போன அன்று சாயங்காலம் மேலே வந்தார், கையில் ஒரு கிண்ணம் சுறாப்புட்டோடு. ‘அந்த பிளம்பர் நம்பர் குடும்மா. எங்க ஹீட்டருக்கும் எட்டு வருஷம் ஆச்சு, ஒரு தடவை பார்த்துடட்டும்’ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். நானும் கூடப் போனேன். ஸ்டூல் மேல் ஏறி, டார்ச் அடித்து, அந்தப் பித்தளை வால்வைத் தடவிப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றி, எதையோ கழற்றிக் கீழே நீட்டினார். டெஃப்லான் டேப் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் மூடி.